மலை ஏற, பஸ் ஏற, விலை ஏற இங்கிலீஷில் எந்தப் பிரிபொசிஷன்? நெல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் மாலை வகுப்புக்கு வருகிறவர்கள் பல ரகம். கல்லூரிப் பிள்ளைகள் உண்டு, டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறவர்கள் உண்டு, வளைகுடா வேலைக்கு நேர்காணல் போகிறவர்களும் உண்டு. இன், ஆன், டு போன்ற பிரிபொசிஷன் என்று வந்துவிட்டால் எல்லோருக்கும் ஒரே சந்தேகம்தான். அந்தக் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். இங்கிலீஷ் வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். வாய்விட்டுப் படியுங்கள்.

தமிழில் ‘ஏறு’ என்ற ஒரே சொல்லில் எல்லாம் முடிந்துவிடுகிறது. இங்கிலீஷில் மட்டும் எதற்கு இத்தனை அப், ஆன்டு, இன்டு, ஓவர்?

தமிழில் திசை வினைக்குள்ளேயே இருக்கிறது. ஏறு என்றால் மேலே, இறங்கு என்றால் கீழே, நுழை என்றால் உள்ளே. இங்கிலீஷ் வினை பெரும்பாலும் எப்படி நகர்ந்தான் என்பதைத்தான் சொல்லும்: நடந்தானா, ஓடினானா, தவழ்ந்தானா. எந்தப் பக்கம் என்பதை அந்தக் குட்டிச் சொற்கள் பார்த்துக்கொள்ளும். லெனார்ட் டால்மி என்ற அமெரிக்க மொழியியலாளர் மொழிகளை இந்த அடிப்படையில்தான் இரண்டு பெரிய வகைகளாகப் பிரித்தார். திசையை வினைக்குள் வைக்கும் மொழிகள் ஒரு பக்கம், வினைக்கு வெளியே வைக்கும் மொழிகள் இன்னொரு பக்கம். தமிழ் முதல் பக்கம், இங்கிலீஷ் இரண்டாவது.

தாமிரபரணிப் படித்துறையான குறுக்குத்துறையில் ஒருவர் குளித்துவிட்டுக் கரையேறுகிறார். இங்கிலீஷில் இப்படிச் சொல்லலாம்: ‘ஹி கிளைம்ட் அப் அவுட் ஆஃப் தி வாட்டர் ஆன்டு தி ஸ்டெப்ஸ்.’ வினை ஒன்றுதான். மேலே, தண்ணீரை விட்டு வெளியே, படியின் மேல் என்று மூன்று தகவல்கள் அதன் பின்னால் வரிசையாக நிற்கின்றன. நாமோ ‘தண்ணீரிலிருந்து வெளியே வந்து படியில் ஏறினார்’ என்று இரண்டு வினை போடுகிறோம். இல்லாவிட்டால் ‘கரையேறினார்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு மீதியைக் கேட்கிறவர் ஊகத்துக்கு விட்டுவிடுகிறோம்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. நம்முடைய இல், மேல், இருந்து எல்லாம் பெயருக்குப் பின்னால் வரும். அவர்களுடையது முன்னால் வரும். நம்ம இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல், 1856-இல் வெளியிட்ட திராவிட ஒப்பிலக்கணத்தில் இதைத் திராவிட மொழிகளின் அடையாளங்களில் ஒன்றாகவே குறித்திருக்கிறார். ஆனால் பிள்ளைகளுக்குச் சிக்கல் இந்த முன் பின்னில் இல்லை. ‘இல்’ என்பதைக் கண்டதும் ‘இன்’ என்று எழுதிவிடுவதில்தான் இருக்கிறது. பஸ்ஸில், மாடியில், மரத்தில், விலையில் என்று நாம் எல்லாவற்றுக்கும் ஒரே ‘இல்’ போடுகிறோம். இங்கிலீஷோ ஏறியவன் எங்கே போய் நின்றான் என்று கேட்கும். ஒரு பரப்பின் மேலா, ஒன்றின் உள்ளேயா, தாண்டி அந்தப் பக்கமா, ஓர் எண்ணிலா? அதைப் பார்த்துத்தான் பிரிபொசிஷன்.

‘கிளைம் தி ட்ரீ’ சரியா, ‘கிளைம் அப் தி ட்ரீ’ சரியா?

இரண்டும் சரி. முதலில் உச்சரிப்பு: கடைசியில் எழுதுகிற ‘பி’ வாயில் வராது. கிளைம் என்றுதான் சொல்ல வேண்டும், கிளைம்ப் இல்லை. இன்சூரன்ஸில் வாங்குவது வேறு, அது கிளெய்ம்.

பொருளில் ஒரு நூலிழை வித்தியாசம் உண்டு. ‘அப்’ இல்லாமல் ‘ஹி கிளைம்ட் தி ஹில்’ என்றால் உச்சி வரை போய் முடித்துவிட்டான் என்ற சாயல் இருக்கும். ‘ஹி கிளைம்ட் அப் தி ஹில்’ என்றால் ஏறிய வழிதான் கண்ணில் படும். பாதியில் உட்கார்ந்திருந்தாலும் இருக்கலாம். நம்மிடமும் இப்படி ஒன்று இருக்கிறது. திசையன்விளைப் பக்கம் ‘அவர் பனை ஏறுகிறார்’ என்றால் அது தொழில். காலில் தளைநார் மாட்டி, இடுப்பில் பாளை அரிவாளோடு காலையும் மாலையும் பதநீருக்காக ஏறுகிறவர். ‘பையன் பனையில் ஏறிட்டான்’ என்றால் யாராவது ஓடிப்போய் அவனை இறக்க வேண்டும். தொழிலைச் சொல்ல ‘ஹி கிளைம்ஸ் பாமைராஸ்’ போதும், அங்கே அப் வேண்டாம்.

‘கிளைம் டவுன்’ என்று கூடச் சொல்கிறார்களே! ஏறுவது எப்படிக் கீழே இருக்கும்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கிளைம் என்றால் ஏறு என்று மனப்பாடம் செய்ததால் வரும் குழப்பம். அந்தச் சொல்லுக்குள் இரண்டு சங்கதிகள் இருக்கின்றன. ஒன்று, மேலே போவது. மற்றொன்று, கையையும் காலையும் பற்றிப் பற்றிச் சிரமப்பட்டு நகர்வது. சார்ல்ஸ் ஃபில்மோர், ரே ஜாக்கன்டாஃப் போன்ற மொழியியலாளர்கள் 1980-களில் இந்த ஒரு வினையை வைத்துக்கொண்டு நிறைய எழுதினார்கள். அவர்கள் கண்டது இதுதான்: இரண்டில் ஒன்று விட்டுப்போனாலும் வினை நிற்கும், இரண்டும் விட்டுப்போனால் நிற்காது.

பனையேறி உச்சியிலிருந்து பற்றிப் பற்றி இறங்குகிறார். மேலே போவது இல்லை, பற்றுவது இருக்கிறது. ஆகவே ‘ஹி கிளைம்ட் டவுன் தி ட்ரீ’ சரி. பாம்பு மரத்தில் ஏறுகிறது. அதற்குக் கையும் இல்லை காலும் இல்லை, ஆனால் மேலே போகிறது. ‘தி ஸ்நேக் கிளைம்ட் அப் தி ட்ரீ’ என்பதும் சரி. அதே பாம்பு இறங்கும்போது? பற்றுவதும் இல்லை, மேலே போவதும் இல்லை. ‘தி ஸ்நேக் கிளைம்ட் டவுன்’ என்று சொன்னால் இங்கிலீஷ்காரர்கள் காதுக்கு உறுத்தும். ‘ஸ்லித்தர்ட் டவுன்’ என்பார்கள், சர்ரென்று வழுக்கி இறங்கியது என்ற பொருளில். விமானமும் இப்படித்தான். ‘தி பிளேன் கிளைம்ட் டு தர்ட்டி தவுசண்ட் ஃபீட்’ என்கிறார்கள். இறங்கும்போது அது ‘டிசென்டட்’, கிளைம் டவுன் அல்ல.

அரசியல் செய்தியில் ‘தி மினிஸ்டர் கிளைம்ட் டவுன்’ என்று வந்தால், அவர் பிடித்த பிடியிலிருந்து இறங்கி வந்துவிட்டார் என்று அர்த்தம். இங்கே மட்டும் தமிழும் இங்கிலீஷும் கைகோத்துக்கொள்கின்றன.

பஸ்ஸில் ஏறினேன் என்பதற்கு ‘ஐ கிளைம்ட் தி பஸ்’ என்று எழுதினால் மார்க் போகுமா?

போகும். அது மட்டுமில்லை, நீங்கள் ஜன்னலில் கால் வைத்துப் பஸ்ஸின் கூரைக்குப் போனதாகப் படிக்கிறவர் நினைப்பார். ‘ஐ காட் ஆன் தி பஸ்’ என்பதே சரி.

ஆன் எப்போது, இன் எப்போது என்பதற்கு வகுப்பில் நான் சொல்கிற வழி: ஏறியபின் உள்ளே நிமிர்ந்து நின்று நாலு எட்டு நடக்க முடிகிற வண்டியா? ஆன். பஸ், ரயில், விமானம், கப்பல் எல்லாம் அப்படி. குனிந்து நுழைந்து உட்கார மட்டும்தான் முடியுமா? இன், இல்லாவிட்டால் இன்டு. கார், ஆட்டோ, சின்னப் படகு இந்த ரகம். ஷேர் ஆட்டோவில் எத்தனை பேரை அடைத்தாலும் அது ‘இன்டு தி ஆட்டோ’தான். காலை இருபுறமும் போட்டு உட்காருகிற பைக், சைக்கிள், குதிரைக்குத் திரும்பவும் ஆன். லாரியில் டிரைவர் பக்கம் உட்கார்ந்தால் ‘இன்டு தி லாரி’. பின்னால் திறந்த தட்டில் மூட்டையோடு ஏறினால் ‘ஆன்டு தி பேக் ஆஃப் தி லாரி’.

இறங்குவதற்கும் இதே ஜோடி. ஆன் போட்டதற்கு ‘கெட் ஆஃப்’, இன் போட்டதற்கு ‘கெட் அவுட் ஆஃப்’. ‘கெட் டவுன் அட் வண்ணாரப்பேட்டை’ என்று நம் ஊரில் எல்லோரும் சொல்கிறோம், எல்லோருக்கும் புரிகிறது. ஊருக்குள் பேசிக்கொள்ள அதில் ஒரு குறையும் இல்லை. பரீட்சையிலும் வெளிநாட்டிலும் ‘கெட் ஆஃப்’ போடுங்கள்.

‘இன்டு தி பஸ்’ என்பதே தப்பு என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். அப்படியும் இல்லை. காலை நேரத்தில் புதிய பஸ் நிலையத்தில் முண்டியடித்து உள்ளே திணிவதைச் சொல்ல வேண்டுமானால் ‘வி ஸ்க்வீஸ்ட் இன்டு தி பஸ்’ என்பதுதான் பொருத்தம். அங்கே உள்ளே இடம் பிடிப்பதுதானே பேச்சு.

பிரிபொசிஷனே போடக்கூடாத வினைகள் உண்டா?

உண்டு. போர்ட், மவுன்ட், ஸ்கேல், அசென்ட், ரீச், என்டர். ‘போர்ட் தி ட்ரெயின்’தான், ‘போர்ட் இன்டு’ இல்லை. ‘வி ரீச்ட் தி டாப்’தான், ‘ரீச்ட் டு தி டாப்’ இல்லை. ‘ஸ்கேல்’ என்பது செங்குத்தான உயரங்களுக்கு. 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர் மலையை ‘ஸ்கேல்’ செய்யலாம், வீட்டு மாடிப்படியைச் செய்ய முடியாது. ‘அசென்ட்’ லத்தீன் வழி வந்த சொல், அதற்குள் நம் ஏறு போலவே ‘மேலே’ அடங்கியிருக்கிறது. அதனால் ‘அசென்ட் அப்’ என்றால் மேலே மேலேறு என்பது போல. ஆனாலும் போய்ச் சேரும் இடத்தைச் சொல்ல ‘டு’ வரும்: ‘அசென்டட் டு ஹெவன்’. அரியணைக்கு மட்டும் இரண்டுமே செல்லும், ‘அசென்டட் தி த்ரோன்’, ‘அசென்டட் டு தி த்ரோன்’.

ஆன், ஆன்டு, ஓவர், அபவ்: நாலும் ‘மேல்’தானே?

தமிழில் நாலும் மேல்தான், அதனால்தான் வம்பு. காம்பவுண்டுச் சுவரை எடுத்துக்கொள்ளுங்கள். ‘கிளைம்ட் ஆன்டு தி வால்’ என்றால் சுவர் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறான். ‘கிளைம்ட் ஓவர் தி வால்’ என்றால் ஏறிக் குதித்து அந்தப் பக்கம் போயாகிவிட்டது. போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கும்போது இந்த வித்தியாசம் பெரிய வித்தியாசம்.

ஆன் என்று மட்டும் போட்டால் சில நேரம் இரண்டு பொருள் வரும். ‘ஹி ஜம்ப்ட் ஆன் தி பெட்’ என்பதற்குக் கட்டில் மேல் தாவி ஏறினான் என்றும், கட்டில் மேல் நின்று குதித்துக்கொண்டிருந்தான் என்றும் கொள்ளலாம். ஆன்டு போட்டால் முதல் பொருள் மட்டும்தான்.

அபவ் என்றால் தொடாமல் உயரத்தில். ‘தி டவர் ஆஃப் தி நெல்லையப்பர் டெம்பிள் ரைசஸ் அபவ் தி ஹவுசஸ்’. ரைஸ் இங்கே நகரவே இல்லை, நிமிர்ந்து நிற்கிறது, அவ்வளவுதான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம் பக்கத்தில் யாரும் மறக்கப்போவதில்லை. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். அன்றைய தாமிரபரணியைச் சொல்ல: ‘தி ரிவர் ரோஸ் அபவ் தி டேஞ்சர் மார்க்’. குறி ஒரு கோடு, ஆறு அதைவிட உயர்ந்துவிட்டது. கரையைத் தாண்டி வழிந்தது என்றால் ‘ஓவர் இட்ஸ் பேங்க்ஸ்’.

ரைஸா ரெய்ஸா? இதில் எப்போதும் மாட்டிக்கொள்கிறேன், சார்.

தமிழ்ப் பிள்ளைகள் மாட்டிக்கொள்ளவே கூடாத இடம் இது. நம்மிடம் இதே ஜோடி தயாராக இருக்கிறது: ஏறு, ஏற்று, உயர், உயர்த்து. ஆனிப் பெருந்திருவிழாவுக்கு நெல்லையப்பர் கோயிலில் கொடி ஏறியது என்றால் ரைஸ், ‘தி ஃபிளாக் ரோஸ்’. கொடி ஏற்றினார்கள் என்றால் ரெய்ஸ், ‘தே ரெய்ஸ்ட் தி ஃபிளாக்’. ரைஸ், ரோஸ், ரிஸன் என்று இது உருமாறும். அது ரெய்ஸ், ரெய்ஸ்ட், ரெய்ஸ்ட் என்று சமர்த்தாக இருக்கும்.

சம்பள உயர்வை மட்டும் பிரிட்டனில் ‘பே ரைஸ்’ என்பார்கள், அமெரிக்காவில் ‘ரெய்ஸ்’. எதைச் சொன்னாலும் கேட்டவுடன் கிடைப்பதில்லை.

‘பை’ எங்கே, ‘டு’ எங்கே?

இதற்குத் தனி புத்தகம் வாங்க வேண்டாம். மழைக்காலத்தில் பேப்பரில் தினமும் அணை நீர்மட்டம் வருகிறதே, அதை இங்கிலீஷில் சொல்லிப் பாருங்கள். பாபநாசம் அணையின் முழு உயரம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி. ‘பாபநாசம் அணை நீர்மட்டம் ஒரே நாளில் 3 அடி உயர்ந்து 120 அடியானது’ என்று ஒரு செய்தி இருப்பதாக வைத்துக்கொள்வோம். எவ்வளவு கூடியது என்பதற்கு பை, எதில் வந்து நின்றது என்பதற்கு டு: ‘தி வாட்டர் லெவல் ரோஸ் பை த்ரீ ஃபீட் டு ஒன் ட்வென்ட்டி ஃபீட்.’ நேற்று இருந்ததையும் சொல்ல வேண்டுமா? ‘ஃப்ரம் ஒன் செவன்ட்டீன் டு ஒன் ட்வென்ட்டி.’ பை-ஐ விட்டு ‘ரோஸ் த்ரீ ஃபீட்’ என்றாலும் சரி. டு-வை விட்டால் ஊரே அலறும், ஏனென்றால் ‘ரோஸ் ஒன் ட்வென்ட்டி ஃபீட்’ என்றால் ஒரே நாளில் 120 அடி கூடிவிட்டது என்று ஆகிவிடும்.

இப்போது எந்த மட்டத்தில் இருக்கிறது என்பதற்கு அட்: ‘தி லெவல் ஸ்டாண்ட்ஸ் அட் ஒன் ட்வென்ட்டி.’ ரைஸ் பெயர்ச்சொல்லாக வந்தால் எதில் உயர்வு என்பதற்கு இன், எவ்வளவு என்பதற்கு ஆஃப்: ‘எ ரைஸ் இன் தி வாட்டர் லெவல்’, ‘எ ரைஸ் ஆஃப் த்ரீ ஃபீட்’. அல்வா விலை, தங்கம் விலை, காய்ச்சல் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். இன்க்ரீஸ், கோ அப் என்று வினை மாறினாலும் பை, டு மாறாது.

‘கோ அப் டு’ என்றால் மேலே போவதா, பக்கத்தில் போவதா?

இடத்தைப் பொறுத்தது. ‘வி வென்ட் அப் டு மாஞ்சோலை’ என்றால் நிஜமாகவே மேலேதான். மணிமுத்தாறு அணையைத் தாண்டி வளைந்து வளைந்து ஏறுகிற பாதை. ‘ஐ வென்ட் அப் டு தி டீச்சர்’ என்றால் வாத்தியார் மாடியில் இருக்கிறார் என்று அர்த்தமில்லை, நேராக அவரிடம் போனேன் என்று அர்த்தம். எண்ணோடு வந்தால் ‘வரை’. ‘அப் டு ஒன் ஃபார்ட்டி த்ரீ ஃபீட்’, 143 அடி வரை.

பாளையங்கோட்டைக்குத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று ஒரு பெயர் உண்டு. அசல் ஆக்ஸ்போர்டில் படிக்கப் போவதையே ‘கோ அப்’ என்பார்கள், மேடு பள்ளம் எதுவும் கணக்கில்லை. ஒழுங்கீனத்துக்காக வெளியேற்றினால் ‘சென்ட் டவுன்’.

இதோடு ஒரு எச்சரிக்கை. வரைபடத்தில் வடக்கு மேலே இருப்பதால் ‘அப் டு சென்னை’ என்பது இங்கிலீஷில் இயல்பாக வரும். நமக்கோ மேல் என்றால் மேற்கு, கீழ் என்றால் கிழக்கு. மலை மேற்கே, கடல் கிழக்கே இருக்கிற சீமை இது. டவுனில் மேல ரத வீதியை ‘அப்பர் கார் ஸ்ட்ரீட்’ என்று மொழிபெயர்த்து வைக்காதீர்கள். அது வெஸ்ட் கார் ஸ்ட்ரீட்.

‘பிக் அப் இட்’ ஏன் தப்பு? ‘கிளைம் அப் இட்’ மட்டும் எப்படிச் சரி?

இரண்டு அப்பும் ஒன்றல்ல. இங்கிலீஷ் வகுப்புகளில் பழைய ஒரு ஜோடியைச் சொல்வார்கள்: ‘ஹி ரேன் அப் எ ஹில்’, ‘ஹி ரேன் அப் எ பில்’. முதலாவதில் குன்றின் மேல் ஓடினான். அப் குன்றோடு சேர்ந்தது. இரண்டாவதில் கடையில் பாக்கி ஏற்றிவிட்டான். அப் ஓடு என்ற வினையோடு ஒட்டிக்கொண்டு புதுப் பொருள் தருகிறது. ‘இட்’ போட்டுப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். குன்றுக்கு ‘ரேன் அப் இட்’, பாக்கிக்கு ‘ரேன் இட் அப்’. குடத்தைத் தூக்குவதில் அப் வினையோடு ஒட்டியது: ‘பிக் தி பாட் அப்’, ‘பிக் அப் தி பாட்’ இரண்டும் வரும். ஆனால் குடத்துக்குப் பதில் இட் வந்தால் அது நடுவில்தான் உட்காரும், ‘பிக் இட் அப்’. லிஃப்ட், புட், ஹோல்ட் எல்லாவற்றுக்கும் இதே சோதனையைச் செய்து பாருங்கள்.

ரைஸோடு வேறு என்னென்ன வரும்?

‘ரோஸ் த்ரூ தி ரேங்க்ஸ்’ என்றால் கீழ்ப் பதவியிலிருந்து படிப்படியாக உயர்ந்தார். ‘ரோஸ் டு ஃபேம்’ என்றால் புகழ் பெற்றார். ‘ரோஸ் டு தி அக்கேஷன்’ என்றால் நெருக்கடி வந்தபோது அதற்கு ஈடுகொடுத்தார். எதிர்த்து எழுவதற்கு அகெய்ன்ஸ்ட். 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானதும் நெல்லையில் மூண்ட எழுச்சியை ‘தி பீப்பிள் ஆஃப் திருநெல்வேலி ரோஸ் அகெய்ன்ஸ்ட் தி பிரிட்டிஷ்’ என்று எழுதலாம்.

நாம் ‘ஏறு’ என்று சொல்கிற எல்லா இடத்திலும் இங்கிலீஷிலும் மேலேதான் போக வேண்டுமா?

இல்லவே இல்லை. போனில் சார்ஜ் ஏறவில்லை என்றால் ‘தி ஃபோன் இஸின்ட் சார்ஜிங்’, அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுகிறார்கள் என்றால் ‘ஹி இஸ் ஆன் எ டிரிப்’. இரும்பில் துரு ஏறினால் ‘இட் ஹேஸ் ரஸ்டட்’. வயது ஏறுகிறது என்பதற்கு ‘கெட்டிங் ஆன் இன் இயர்ஸ்’. டயருக்குக் காற்று ஏற்றும்போது மட்டும் அப் வரும், ‘பம்ப் அப் தி டயர்’. போதை தலைக்கேறினால் ‘இட் வென்ட் டு ஹிஸ் ஹெட்’, அங்கே அப் கிடையாது. புகழ்ச்சி தலைக்கேறினாலும் அதேதான். கோர்ட் படி ஏறினான் என்றால் ‘ஹி வென்ட் டு கோர்ட்’. படி கணக்கில் வராது. கடைசியாக, எத்தனை தடவை சொன்னாலும் மண்டையில் ஏறவில்லை என்பதற்கு இங்கிலீஷில் திசையே தலைகீழ்: ‘இட் ஹேஸின்ட் சங்க் இன்’, உள்ளே மூழ்கவில்லை என்பார்கள்.